ஒரு கையில் டேப்லெட் பிடித்துப் படித்தால் கட்டைவிரல் வலி: எதற்கு மாறலாம்?

மழைக்காலம்:
குழந்தைக்கு நாலு மாதம். பால் கொடுக்கும்போதும், மடியிலேயே தூங்கிவிடும்போதும் எனக்கு ஒரு கைதான் மிச்சம். படிக்கக் கிடைப்பதும் அந்த நேரம்தான், அதை விட மனசில்லை. டேப்லெட் 10.9 அங்குலம், உறை இல்லாமலே 480 கிராம் இருக்கும். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரலின் அடியில் வலி. ஐபேட் மினி போதுமா, கிண்டில் மின்னூல் கருவிக்கே போய்விடலாமா? பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் பிடிஎஃப்தான் அதிகம் படிப்பேன்.

நூலகத்துப்பூனை:
எடையோடு அகலத்தையும் பாருங்கள். ஓரத்தைப் பிடிக்கும்போது எடையின் நடுப்புள்ளி விரலைவிட்டுத் தள்ளி நிற்கிறது. கருவி சாயாமல் தடுக்கும் வேலை முழுக்கக் கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் போகிறது. உங்களுடையது சுமார் 18 செ.மீ. அகலம் இருக்கும், அதாவது நடுப்புள்ளி 9 செ.மீ. தள்ளி. ஐபேட் மினி 293 கிராம், அகலம் 13.5 செ.மீ. சாயும் விசை பாதிக்கும் கீழே வந்துவிடும். 6 அங்குலச் சாதாரண கிண்டில் 158 கிராம், அகலம் 11 செ.மீ.க்குள். அதில் சாயும் விசை உங்கள் டேப்லெட்டில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு கைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று, உறையைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். எடை குறைந்த கருவி வாங்கி, கனமான உறை போட்டால் வாங்கியதே வீண்.

ஓரப்பொத்தான்:
பக்கம் திருப்பும் பொத்தான் உள்ளதையும் யோசியுங்கள். கோபோ லிப்ரா கலர் என்ற மின்னூல் கருவி 7 அங்குலம், 200 கிராம். ஒரு ஓரம் அகலமாக இருக்கும், பொத்தான்களும் அங்கேயே. பிடித்த விரலாலேயே அழுத்தலாம். தொடுதிரையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் விரலைத் தூக்க வேண்டும், பிடி தளர்வது அப்போதுதான்.

மழைக்காலம்:
உறை மட்டும் 230 கிராம்! கழற்றிவிட்டேன். ஆனால் 6 அங்குலத்தில் ஸ்கேன் பிடிஎஃப் படிக்க முடியுமா?

நூலகத்துப்பூனை:
அப்படியே போட்டால் எழுத்து பொடியாகத் தெரியும். கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் ஓர வெள்ளையை வெட்டி, வரிகளைச் சின்னத் திரைக்கு மாற்றி அடுக்கும். மங்கலான ஸ்கேனில் வரி உடையும், முதலில் சில பக்கங்களைச் சோதியுங்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இருக்கும் நூல் என்றால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளக்கூடிய இபப் மின்னூல் கோப்பே கிடைக்கும், 6 அங்குலப் பிடிஎஃப்பும் தருகிறார்கள்.

தலையணை:
தங்கச்சி, கருவி இருக்கட்டும். கைக்குழந்தை உள்ள அம்மாக்களுக்குக் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் தசைநாண் உறை வீங்குவது சாதாரணமாக வரும். டி குர்வேன் என்பார்கள். விரலை விரித்துக் குழந்தையைத் தூக்கித் தூக்கியே வருவது. எனக்கும் இருந்தது. தூக்கும்போதும் வலித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை முழங்கைக்குக் கீழே தலையணை வைத்து, கருவியைத் தொடையில் சாய்த்துப் படியுங்கள்.

மழைக்காலம்:
தூக்கும்போதும் வலிக்கிறது அக்கா. இந்த வாரமே காட்டுகிறேன். கிண்டில் அப்புறம்தான்.