அம்பாசடர் பெட்ரோல்: எந்த ஹெட் கேஸ்கெட் வாங்கலாம்?

தஞ்சை_அம்பி:
வீட்டில் 1984 மாடல் அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். ஐடிலிங்கில் உதறுது, மேட்டில் இழுக்கலை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள ஏறும் அழுத்தம்) பார்த்ததில் 1, 4 சிலிண்டர் இரண்டும் 120 psi பக்கம். 2, 3 இரண்டும் 60தான். ஆயிலில் தண்ணி இல்லை, வெள்ளைப் புகையும் இல்லை. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழே இருக்கிற பிளாக்குக்கும் நடுவில் அடைக்கிற தகடு) போயிருக்கும்னு மெக்கானிக் சொல்றார். கடையில் செம்புத் தகடு போர்த்தினது ஒண்ணு, கறுப்பு காம்போசிட் (பல பொருள் சேர்த்துச் செஞ்சது) ஒண்ணு காட்டினாங்க. எதை வாங்கலாம்? ஹெட்டோட அடிமுகத்தை மட்டமா அரைக்கக் கொடுக்கணுமா?

பழைய_பட்டறை:
மெக்கானிக் சொன்னது சரிதான் தம்பி. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் சேர்ந்து இறங்கினா, நடுவில் இருக்கிற ஒடுக்கமான இடத்தில் கேஸ்கெட் எரிஞ்சிருக்கும். இந்த இன்ஜினில் 2, 3 இரண்டுக்கும் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வழி ஒண்ணுதான், சூடு அங்கேதான் சேரும்.

ஹெட்டும் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஒரே மாதிரி விரியும். பத்மினி காருக்கு அலுமினிய ஹெட். அது இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிஞ்சு கேஸ்கெட்டைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஹெட் முகத்தில் உலோகம் லேசா அரிச்சிருந்தா காம்போசிட் வாங்குங்க, கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். வாங்கும் முன்னாடி பழைய கேஸ்கெட் மேல வெச்சுப் பாருங்க. தண்ணித் துளை எல்லாம் ஒத்துப்போகணும், கேஸ்கெட்டில் சிலிண்டர் துளையைச் சுத்தியிருக்கிற வளையம் சிலிண்டருக்குள்ள நீட்டக் கூடாது.

அரைக்கிறது கடைசியில். ஸ்டீல் ஸ்கேலை ஹெட் முகத்தில் நீளவாக்கிலும் குறுக்கு மூலையாவும் வெச்சு, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடுங்க. 0.05 மி.மீ. தகடு நுழைஞ்சா மட்டும் கொடுங்க. பிளாக் முகத்தையும் இதே மாதிரி பாருங்க, பல பேர் இதை விட்டுடுறாங்க. பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தண்ணி தெளிச்சு ஈரமா சுரண்டுங்க. மெஷினில் பிரஷ் போட்டுத் தூசி கிளப்பாதீங்க.

சேலம்_ரவுண்டு:
சிலிக்கான் பேஸ்ட் தடவிப் போட்டா கேரண்டியா ஒழுகாதுங்கிறாங்களே?

பழைய_பட்டறை:
ஹெட் கேஸ்கெட்டுக்கு வேண்டவே வேண்டாம். பிதுங்கி வர்றது தண்ணி வழியை அடைக்கும். முகம் சுத்தமா, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம இருந்தாலே போதும்.

ஹெட்டைப் பிடிக்கிறது பதினொரு நட்டு. அதில் நாலு, ராக்கர் பெடஸ்டலையும் (வால்வை அமுக்கும் ராக்கர் கைகளைத் தாங்கற கால்) சேர்த்துப் பிடிக்கும். அந்த நாலை மட்டும் கழட்டினா ஹெட் வளையும். எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்திட்டுத்தான் கழட்டணும். மாட்டும்போது ஸ்டட் (நட்டு ஏறும் கம்பி) மரையை பிரஷ் போட்டு சுத்தம் பண்ணி ஒரு சொட்டு ஆயில் விடுங்க. அழுக்கு மரையில் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) பொய் சொல்லும். நடுவிலிருந்து வெளிப்பக்கமா, மூணு நடையா இறுக்குங்க. இறுக்க வேண்டிய அளவு உங்க மேனுவலில் இருக்கும், அதையே வைங்க.

தஞ்சை_அம்பி:
நன்றி அண்ணே. போட்ட பிறகு மறுபடி இறுக்கணுமா?

பழைய_பட்டறை:
கட்டாயம். கேஸ்கெட் பாக்கெட்டில் வேற மாதிரி எழுதியிருந்தா அதன்படி செய்யுங்க. இல்லேன்னா ஒரு தடவை நல்லா சூடேற ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, அதே வரிசையில் ஒவ்வொரு நட்டா கொஞ்சம் தளர்த்தித் திரும்ப டார்க் வைங்க. ஹெட் அமுங்கினா ராக்கரும் கூடவே இறங்கும், டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடுற இடம்) குறையும். அதனால டேப்பட் செட்டிங்கை கடைசியில் வெச்சுக்குங்க.