குத்துப்பட்ட பிறகும் சிசி எப்படி நடந்து போய்ப் படகு ஏறினார்?

சும்மாபடிக்கிறவன்:
ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத், எல்லாரும் சிசி என்கிறார்களே, அவரைப் பற்றி இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1898 செப்டம்பர் 10 அன்று ஜெனீவா ஏரிக்கரையில் ஒருவன் நெஞ்சில் குத்துகிறான், கீழே விழுந்தவர் எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி போய் நீராவிப் படகில் ஏறிவிடுகிறார், அப்புறம்தான் மயங்குகிறார். இதயத்தில் குத்துப்பட்டவர் சுமார் 100 மீட்டர் நடப்பாரா? அதோடு, ஒரு பேரரசிக்குக் காவலுக்கு ஒரு ஆள்கூடவா இல்லை?

பழையஸ்டெத்:
நடக்கலாம். குத்தியவன் பெயர் லுகேனி. அவன் குத்தியது கத்தியால் அல்ல, கத்தி வாங்கக் காசில்லாமல் ஓர் அரத்தைக் கூர் தீட்டி மரப்பிடி போட்டு வைத்திருந்தான். ஓட்டை மிகச் சின்னது, ஆனால் ஆழம் 8 செ.மீ.க்கு மேல். இதயத்தைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது இல்லையா, அதற்குள் இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சேர்ந்து இதயத்தை விரிய விடாமல் நெருக்கியிருக்கும். அதுவரை ஆள் நடப்பார், பேசுவார். அவன் தன் கடிகாரத்தைப் பறிக்கத்தான் வந்தான் என்று அவர் நினைத்தாராம். இடுப்பை சுமார் 50 செ.மீ.க்கு இறுக்கிக் கட்டுகிறவர், அந்த கார்செட்டும் கொஞ்சம் தாங்கியிருக்கும். படகில் அதைத் தளர்த்தியபோதுதான் உள்ளாடையில் சின்னக் கறை தெரிந்தது. 'அவிழ்க்காமல் இருந்தால் பிழைத்திருப்பார்' என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் இதயக் காயத்தைத் தைத்து ஒருவரைப் பிழைக்க வைத்ததே 1896இல்தான், ஏரி நடுவில் யார் தைப்பது?

கரையோரம்:
காவல் வேண்டாம் என்றது அவரேதான். ஹோட்டலில் தங்கியது 'ஹோஹெனெம்ஸ் சீமாட்டி' என்ற பெயரில். கூட நடந்தது தோழி இர்மா ஸ்தாராய் ஒருவர்தான். ஆனாலும் விஷயம் கசிந்து பத்திரிகையில் வந்துவிட்டது. லுகேனி உண்மையில் ஓர்லியன்ஸ் இளவரசரைக் கொல்லத்தான் ஜெனீவா வந்தான், அவர் கிடைக்கவில்லை. அரச குடும்பத்து ஆள் யாராக இருந்தாலும் சரி என்று இருந்தவனுக்கு இவர் அகப்பட்டார்.

தயிர்சாதம்:
எல்லாத்துக்கும் மூலம் மாமியார்தான். சோஃபி படுத்திய பாட்டில்தான் அந்தப் பொண்ணு வீடே தங்காமல் ஊர் ஊராக அலைந்தது.

கரையோரம்:
@தயிர்சாதம் பாதி சரி. முதல் குழந்தைக்குத் தன் பெயரையே வைத்து, பிள்ளைகளைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு வளர்த்த மாமியார்தான், மறுக்கவில்லை. ஆனால் சோஃபி 1872இலேயே இறந்துவிட்டார், இவர் அதற்குப் பிறகு 26 வருடம் சுற்றியிருக்கிறார்! 1889 ஜனவரியில் மாயர்லிங்கில் மகன் ரூடால்ஃப் தன்னைச் சுட்டுக்கொண்டதுதான் பெரிய அடி. அதன் பிறகு பெரும்பாலும் கறுப்புதான் உடுத்தினார். கோர்ஃபுவில் ஆசை ஆசையாக ஒரு மாளிகை கட்டினார், அங்கேயும் நிலைக்கவில்லை. இன்னொன்று, சோஃபி வெறும் மாமியார் இல்லை, சிசியின் அம்மா லுடோவிக்காவுக்கு அக்கா. அதாவது பெரியம்மா. நம் முறைப்படி பார்த்தால் சிசியின் கணவர் பிரான்ஸ் ஜோசப் அவருக்கு அண்ணன்!

சும்மாபடிக்கிறவன்:
அய்யோ, அண்ணனா! அது தோணவே இல்லை. ஸ்டெத் அண்ணே, இதய உறை விஷயம் இப்போதுதான் புரிந்தது, நன்றி. லுகேனியைத் தூக்கில் போட்டார்களா?

பழையஸ்டெத்:
இல்லை. ஜெனீவாவில் மரண தண்டனை கிடையாது. அப்போது மரண தண்டனை இருந்த லூசர்ன் மாகாணத்தில் என்னை விசாரியுங்கள் என்று அவனே கேட்டான், நடக்கவில்லை. ஆயுள் தண்டனை, 1910இல் சிறையில் தானே தூக்குப்போட்டுக்கொண்டான். அந்த அரம் பத்திரமாக வியன்னாவில் இருக்கிறது.