பழவேற்காடு ஏரிக்கரையில் ரிசார்ட், எப்படித் தடுப்பது?

தடாக்காரன்: ஏரியின் ஆந்திரப் பகுதியில், எங்கள் பக்கம் கரையில் ரிசார்ட்டுக்குக் கல் நட்டுவிட்டார்கள். பூநாரை மேய வருகிற இடம், தலைமுறையாகப் பாடு முறைப்படி முறைவைத்து வலை விடுகிற இடமும் அதுதான். பஞ்சாயத்தில் கேட்டால் வேலைவாய்ப்பு என்கிறார்கள். யாரிடம் போவது?

உப்புக்காற்று: அண்ணா, முதலில் அந்த சர்வே எண் கடலோர ஒழுங்குமுறை மண்டல (CRZ) வரைபடத்தில் எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். அந்த மண்டலத்துக்கான 2019 அறிவிக்கைப்படி சரணாலயம், உப்புச் சதுப்பு எல்லாம் முதல் வகை, அதாவது கட்டுப்பாடு மிகக் கடுமையான வகை. மனு ஆந்திரக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்குத்தான்.

சூளூர்ப்பேட்டை: அனுமதி கொடுத்துவிட்டால் 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். ஆந்திர வழக்கும் சென்னை அமர்வுக்குத்தான் வரும்.

வலைக்காரன்: வேலைவாய்ப்பாம்! கேரளத்தில் வேம்பநாட்டு ஏரியில், நெடியதுருத்துத் தீவில் கட்டி முடித்த ரிசார்ட்டையே 2020-ல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் மீனவர்களும் உண்டு. பாடு முறைக்கு ஊரில் எழுத்துப் பதிவு இருந்தால் மனுவோடு சேருங்கள்.