காணும் பொங்கலன்று குடும்பத்துக்கு 12 நிமிடம்: இது சரியா?

திண்டுக்கல்_ஒளி:
காணும் பொங்கலன்று எங்கள் ஸ்டுடியோவில் ஒரு குடும்பத்துக்கு 12 நிமிடம். காலை 9 முதல் இரவு 8 வரை, சாப்பாட்டு நேரம் போக 50 குடும்பம். தரையில் டேப் ஒட்டி நிற்கும் இடத்தைக் குறித்துவிடுவேன். லைட் அசையாது. கேமரா செட்டிங்கும் மாறாது: எஃப் 8, 1/125, ஐஎஸ்ஓ 100. காலையில் கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்க வைக்கும் சாம்பல் அட்டை) வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் நாள் முழுக்க நிறம் ஒரே மாதிரி வரும். போன வாரம் இதே தொழில் செய்யும் ஒருவர் இதை "ரேஷன் கடை" என்றார், ஒரு நாளைக்கு 15 குடும்பம் போதும் என்றார். மனசு வலித்தது. பெங்களூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் வருடத்தில் அந்த இரண்டு மூன்று நாள்தான் ஊரில் சேர்ந்திருக்கிறார்கள். 15 குடும்பம் போதும் என்று நான் கதவைச் சாத்தினால் மீதி 35 பேர் வீட்டுக்குப் படமே இருக்காது.

பழைய_டார்க்ரூம்:
தம்பி, அசையாத லைட்தான் உங்கள் தப்பு. நாலு பேருக்கு வைத்த சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி லைட்) பதினாலு பேருக்கு எப்படிப் போதும்? லைட்டிலிருந்து ஐந்தடியில் நிற்பவருக்கு விழுவதில் கால் பங்குதான் பத்தடியில் நிற்பவருக்கு விழும். ஓரத்தில் நிற்கும் மருமகள் எப்போதும் இருட்டிலேயே இருப்பார்.

120 ஃபிலிமில் எங்களுக்கு ஒரு ரோலுக்கு மொத்தமே 12 படம். ஒரு குடும்பத்துக்கு இரண்டுதான் எடுப்போம். ஆனால் பட்டனை அமுக்குவதற்கு முன்னால் கால் மணி நேரம் பார்ப்போம். தாத்தாவின் மூக்குக்கண்ணாடி மின்னினால் காதுப் பக்கம் கொஞ்சம் தூக்கி வைப்போம், மினுக்கம் போய்விடும். உங்கள் 12 நிமிடத்தில் அதை யார் பார்க்கிறார்கள்?

திண்டுக்கல்_ஒளி:
லைட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி அண்ணே. ஆறு பேருக்கு மேல் வந்தால் லைட்டைப் பின்னால் தள்ளி, தூரத்தில் நிற்பவரைப் பார்த்துத் திருப்ப இரண்டாவது டேப் ஒட்டுகிறேன். ஆனால் இரண்டே படத்தில் யாராவது கண்ணை மூடியிருந்தால் அப்போது என்ன செய்தீர்கள்? நான் ஒரே நிலையில் பத்து எடுக்கிறேன், எல்லாரும் கண் திறந்த ஒன்றாவது கிடைத்துவிடும்.

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா:
அண்ணா, நான் படம் எடுத்துக்கொள்ளும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு ஸ்டுடியோவில் 11 மணிக்கு வரச் சொன்னார்கள், உள்ளே போனது ஒன்றரைக்கு. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அது தூங்கும் நேரம். படத்தில் அவன் அழுத வாய்தான் தெரிகிறது. எனக்கு 12 நிமிடமே போதும். சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுங்கள். கைக்குழந்தை இருப்பவர்களைக் காலையிலேயே முடித்து அனுப்புங்கள்.

பழைய_டார்க்ரூம்:
அம்மா சொல்வது நியாயம். ஆனால் நான் அவசரம் வேண்டாம் என்பதற்குப் பெரிய காரணம் வேறு. வீட்டில் பெரியவர் தவறிய அன்று சொந்தக்காரர்கள் கையில் குரூப் போட்டோவோடுதான் ஓடி வருவார்கள், "இதிலிருந்து பெரிசு பண்ணிக் கொடுங்க" என்று. 24 மெகாபிக்சலில் படத்தின் அகலம் 6000 புள்ளி. நாலரை மீட்டர் அகலத்துக்கு நிற்கும் குடும்பத்தில் ஒரு முகத்துக்கு ஏறக்குறைய 200 புள்ளிதான் வரும். மாலை போடுகிற அளவுக்கு அதைப் பெரிதாக்கினால் கண்ணே தெரியாது. வருகிற ஒவ்வொரு பாட்டியையும் தனியாக ஒரு படம் எடுங்கள், கேட்காவிட்டாலும்.

திண்டுக்கல்_ஒளி:
ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 100 நிமிடம் ஆகிவிடும் அண்ணே.

பழைய_டார்க்ரூம்:
ஆகட்டுமே. பாட்டி ஏற்கெனவே நடு நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்களை விலகச் சொல்லிவிட்டு, லைட்டைக் கிட்டே இழுத்து, கிட்டப் போய் எடுங்கள்.

திண்டுக்கல்_ஒளி:
சரி, 14 நிமிடமாக்குகிறேன். 42 குடும்பம் வரும். முதல் பத்து இடம் கைக்குழந்தை வீடுகளுக்கு. 42-க்குக் கீழே இறங்க எனக்கு மனமில்லை.

பழைய_டார்க்ரூம்:
42 இன்னமும் அதிகம்தான் தம்பி. பாட்டி படத்தை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள், அழிக்காதீர்கள்.