ஊசி போட்டுப் பழகினவங்களே தடுப்பூசின்னா ஓடுறாங்க. என்ன சொல்லிப் போட வைக்கிறது?

ஒசூர்_களப்பணி:
போதை ஊசிப் பழக்கம் உள்ளவங்களுக்கு ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கற வைரஸ்) தடுப்பூசி போட வைக்கணும். பெரும்பாலும் 20லிருந்து 35 வயசு. சிப்காட் ஷிப்ட் ஆளுங்க, லாரி கிளீனர்கள். திரும்பத் திரும்ப மூணே பதில்தான் வருது. "உள்ள சரக்கு இருக்கறப்ப இதுவும் சேர்ந்தா ஆள் காலி." "போட்டவன் ரெண்டு நாள் எழுந்திரிக்கல." "ஆதார் கேப்பாங்க, போலீசுக்குப் போயிரும்." இது போக, மூணு ஊசியை 0, 1, 6 மாசக் கணக்குல போடறப்ப ஆறாவது மாசம் ஆள் பெங்களூர்ல இருப்பானா சேலத்துல இருப்பானான்னே தெரியாது. வேற வழி இருக்கா?

தொப்பூர்_சிஸ்டர்:
அண்ணா, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். வேக அட்டவணை ஒண்ணு இருக்கு: 0, 7, 21ஆம் நாள், அப்புறம் 12ஆம் மாசம் ஒரு பூஸ்டர். ஊசி மூலம் போதை எடுக்கறவங்களுக்கு உலக சுகாதார நிறுவனமே வேக அட்டவணையைத்தான் சொல்லுது. இதுல ஒரு வசதி, மூணு ஊசியும் ஒரே கிழமையில வரும். அவங்க கம்பெனி வீக்லி ஆஃப் என்னைக்குன்னு கேட்டு அன்னைக்கே ஆரம்பிங்க. புதன்கிழமை மட்டும் வேணாம். அன்னைக்குக் குழந்தைங்க தடுப்பூசி நாள், பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) முழுக்கக் கைக்குழந்தையோட அம்மாமார் உக்காந்திருப்பாங்க, அந்த வரிசையில இவங்க வந்து நிக்கவே மாட்டாங்க. அதைத் தடுப்பூசி பயம்னு எழுதிக்கறது நம்ம தப்பு.

இடையில விட்டுப் போனா முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல. எட்டு மாசம் கழிச்சு வந்தாலும் விட்ட இடத்துலேர்ந்து போட்டாப் போதும். "டேட் தாண்டிருச்சு"ன்னு திருப்பி அனுப்பினா அந்த ஆள் மறுபடி வரமாட்டான்.

அடிக்கடி நடக்கற தவறு ஒண்ணு. பெரியவங்களுக்கு 1 மி.லி., அதாவது 20 மைக்ரோகிராம். நம்ம கையில இருக்கறது குழந்தைங்களுக்கான 0.5 மி.லி. ஏ.டி. சிரிஞ்ச் (ஒரு தடவை போட்டதும் தானா பூட்டிக்கற சிரிஞ்ச்). அதுல ஒரு தடவை இழுத்துப் போட்டா பாதி டோஸ்தான் போகும். 2 மி.லி. சிரிஞ்ச், 23 கேஜ், ஒரு இஞ்ச் ஊசி தனியா எடுத்து வைங்க. தோள்பட்டைச் சதையில போடணும். அங்க சீழ்க்கட்டி இருந்தா அடுத்த கை. ரெண்டு கையும் சரியில்லன்னா தொடையோட வெளிப்பக்கம். பிட்டத்துல போடக் கூடாது, கொழுப்புல நின்னுட்டா எதிர்ப்பு சக்தி சரியா உருவாகாது.

மாங்கனி_77:
"ரெண்டு நாள் எழுந்திரிக்கல" கதைக்குப் பின்னாடி பெரும்பாலும் இருக்கறது வித்ட்ராவல், அதாவது போதை மருந்தைத் திடீர்னு நிறுத்தினா வர்ற உடம்புத் தொந்தரவு. ஊசி போடப் போறோம்னு காலையிலேர்ந்து சரக்கு எடுக்காம வருவாங்க. மதியம் கொட்டாவி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்செறிப்பு, ராத்திரி வயித்துப்போக்கு. பழி தடுப்பூசி மேல விழுது. தடுப்பூசியால வர்றது போட்ட இடத்துல வலி, சிலருக்கு லேசான காய்ச்சல், ஒண்ணு ரெண்டு நாள்ல போயிரும். மூக்கு ஒழுகாது, வயித்தால போகாது. இந்த வித்தியாசத்தைப் போடறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, பின்னாடி சொன்னா சால்ஜாப்பு மாதிரி இருக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கறப்ப வேற என்ன வலி மாத்திரை போடறாங்கன்னு கேட்டுக்கோங்க. பல மாத்திரையில பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும்.

முதல் பயத்துக்கு நேர்ப் பதில்: இதுல உயிருள்ள கிருமி இல்ல, வைரஸோட மேலுறைப் புரதம் மட்டும்தான். போதைப் பொருளோட சேர்ந்து விஷமாகாது, சாராயம் குடிச்சிருந்தாலும் வீணாகாது. ஆனா நிதானமில்லாத நிலையில சம்மதம் வாங்காதீங்க. போட்டபிறகு அரை மணி நேரம் உக்கார வைங்க.

இன்னொண்ணு, பலர் ஓடறது தடுப்பூசிக்கு இல்ல, ரத்தம் எடுக்கறதுக்கு. நரம்பு கெட்டுப் போன கையில நாலு தடவை குத்தினா யார் திரும்ப வருவா? விரல் நுனியில குத்தற கார்டு டெஸ்ட்ல ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. (ஹெபடைடிஸ் பி தொற்று ஏற்கெனவே இருக்கான்னு காட்டறது) பாக்கலாம். நரம்புலதான் எடுக்கணும்னா எந்த நரம்பு கிடைக்கும்னு அவங்களையே கேளுங்க. டெஸ்ட் எடுத்த கையோட அன்னைக்கே முதல் ஊசியும் போட்டுடுங்க, ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். முதல்ல டெஸ்ட், அப்புறம்தான் ஊசி, இந்த வரிசை மட்டும் மாறக் கூடாது. ஊசி போட்ட சில நாளுக்கு ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பொய்யா பாசிட்டிவ் காட்டலாம்.

2014ல லான்செட்ல வந்த இங்கிலாந்து ஆய்வுல, வழக்கமான முறையில மூணு ஊசியும் முடிச்சவங்க 9 சதவீதம். மொத்தம் 30 பவுண்டு வரை வவுச்சர் கொடுத்த ரெண்டு குழுவுலயும் 45, 49. நம்ம ஊர்ல பஸ் காசும் ஒரு டீயும் கொடுத்துப் பாக்கலாம்.

பாலக்கோடு_வக்கீல்:
போலீஸ் பயம் பத்தி. போதைத் தடுப்புச் சட்டம் 64ஏ பிரிவு, பயன்படுத்தினதுக்காகவோ சிறு அளவு வச்சிருந்ததுக்காகவோ வழக்குள்ளவர் தானா முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்துல சிகிச்சை எடுத்தா விலக்கு தருது. சிகிச்சையைப் பாதியில விட்டா விலக்கும் போகலாம். இது போதைச் சிகிச்சைக்குத்தான், தடுப்பூசிக்கு இல்ல. அதனால "இங்க வந்தா கேஸ் வராது"ன்னு வாக்குக் கொடுக்காதீங்க. போதைப் பழக்கத்தைத் தடுப்பூசிச் சீட்டுல எழுத வேண்டிய அவசியமில்லைன்னு சொல்லுங்க, எழுதாமலும் இருங்க. நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஏற்கெனவே வந்து போறவங்கன்னா அங்கேயே பேச்சை ஆரம்பிக்கறது சுலபம்.

ஒசூர்_களப்பணி:
நன்றி சிஸ்டர், நன்றி எல்லாருக்கும். ஹெபடைடிஸ் சி-க்கும் இதோடயே போட முடியுமா? அப்புறம், ஹைவே ஓரமா ஞாயித்துக்கிழமை முகாம் போட்டா மருந்தை எப்படிக் கொண்டு போறது?

தொப்பூர்_சிஸ்டர்:
சி-க்குத் தடுப்பூசியே இல்லண்ணா. ஆனா குணமாக்கலாம், பெரும்பாலானவங்களுக்கு 12 வாரம் மாத்திரை, தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்துல இலவசம்.

மருந்து 2லிருந்து 8 டிகிரியில இருக்கணும். வெயிலைவிட ஐஸ்தான் இதுக்கு எமன், உறைஞ்சா வீணாப் போச்சு. ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த ஐஸ்பேக்கை அப்படியே கேரியர்ல அடுக்காதீங்க. வெளியில வச்சு, காதோரம் குலுக்கிப் பாருங்க. உள்ள தண்ணி சலசலக்கற சத்தம் கேட்டபிறகு வைங்க. பாட்டில் உறைஞ்சிருக்குமோன்னு சந்தேகம் வந்தா போடாம ஒதுக்கி வைங்க.