ஆச்சியையும் கூப்பிட்டு உட்கார வைக்கிற வகுப்பு நம்ம பக்கம் நடக்குமா?

புளியரை மருமகள்:
பையன் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவக் குழு எடை, உயரம் எடுத்துட்டு, வயசுக்கு எடை கூடுதல்னு சீட்டு எழுதிக் கொடுத்துட்டாங்க. கூடவே அச்சடிச்ச தாள் ஒண்ணு. எண்ணெய் குறைக்கணும், இனிப்பு குறைக்கணும், ஓடி விளையாட விடணும். இதெல்லாம் யாருக்குத் தெரியாது?

நான் பிறந்தது செங்கோட்டை. அத்தைக்குப் புனலூர். இப்போ எல்லாரும் புளியரையில ஒரே வீடு, அடுப்படி அத்தை கையில. காலையில புட்டும் கடலைக்கறியும். மத்தியானம் மட்டை அரிசிச் சோறு. சாயங்காலம் பை தோள்ல இருந்து இறங்கும் முன்னே பழம்பொரி, அதாவது ஏத்தம்பழ பஜ்ஜி, பால் சாயா. சாயாவுல சீனி மூணு ஸ்பூன். ஞாயித்துக்கிழமை பரோட்டா, சால்னா. தாளைக் காட்டினேன். "வளர்ற பிள்ளையோட வயித்துல கணக்குப் பாக்காதே மோளே"ன்னு சொல்லி அதுலயே கறிவேப்பிலையை மடிச்சு வச்சுட்டாங்க.

எங்க மைனி டெக்சாஸ்ல இருக்காங்க. அங்கே ஹிஸ்பானிக் குடும்பங்களுக்குன்னே, அதாவது மெக்சிகோ மாதிரி நாடுகள்ல இருந்து வந்த ஸ்பானிஷ் பேசுறவங்களுக்குன்னே தனி வகுப்பாம். பாட்டியையும் கூப்பிட்டு, அவங்க சமையலை வச்சே சொல்லிக் கொடுக்காங்களாம். நிஜமாவே பலன் இருக்கா? நம்ம பக்கம் அப்படி ஒண்ணு நடத்த முடியுமா?

தென்மலை லோடு:
பிள்ளை தின்னா ஒரு வகுப்பு, தின்னாட்டி ஒரு வகுப்பு! செல்போனைப் பிடுங்கிட்டு வெளியே துரத்துங்க, தானா சரியாகும். அமெரிக்காக்காரன் பிள்ளையைப் பார்த்தா நாம கத்துக்கணும்?

கட்டளைக்குடி நர்ஸ்:
லோடு அண்ணே, வெளியே துரத்தணும்ங்கிறது சரிதான். மிச்சத்தை நான் சொல்றேன். டெக்சாஸ்ல சான் அன்டோனியோங்கிற ஊர்ல ஒரு கிளினிக்ல வேலை பார்த்துட்டு ஊருக்கு வந்தவ நான்.

2017-ல இருந்து 2020 வரை அமெரிக்க அரசு எடுத்த கணக்குப்படி, 2 முதல் 19 வயசு வரை உள்ள ஹிஸ்பானிக் பிள்ளைகள்ல 26.2 சதவீதம் பேருக்கு உடல் பருமன். வெள்ளைக்காரப் பிள்ளைகள்ல 16.6. காரணம் சாப்பாடு மட்டும் இல்லை. அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட். பூங்காவுக்குத் தனியா அனுப்பப் பயம். தெருமுனைக் கடையில மலிவாக் கிடைக்கிறது கலர் தண்ணி. அதோட, கொழுகொழுன்னு இருந்தாத்தான் பிள்ளை நல்லா இருக்குங்கிற நினைப்பு. அது நம்ம ஆச்சிகளுக்கும் உண்டுதானே.

வகுப்பு எடுக்கிறது டாக்டர் இல்லை. அதே தெருவுல குடியிருக்கிற பொம்பளை ஒருத்தி. புரொமோத்தோரான்னு சொல்லுவாங்க. பயிற்சி கொடுத்து, வீடு வீடாப் போய்ப் பேச விடுவாங்க. அவங்க ஊர்ல பீன்ஸை வேக வச்சு மசிச்சு, பன்றிக் கொழுப்புல வதக்குறதுதான் தினப்படி. நான் பார்த்த வகுப்புல அந்தப் புரொமோத்தோரா "கொழுப்பு கெடுதல்"னு வாயே திறக்கலை. அதே பீன்ஸை வேக வச்ச தண்ணியோட மசிச்சா. ஒரு கரண்டி எண்ணெயில வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கிக் கொட்டினா. கூட்டத்திலயே மூத்த பாட்டியைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னா. பாட்டி முகத்தைச் சுளிச்சு, உப்புப் பத்தலை, பூண்டு இல்லைன்னு கரண்டியைப் பிடுங்கிக்கிட்டு அடுப்பு முன்னால நின்னுட்டாங்க. அதுக்கப்புறம் வகுப்பை நடத்தினதே அந்தப் பாட்டிதான்.

ஆனா பலன் பிரமாதம்னு சொன்னா அது பொய். அமெரிக்காவுல நாஷ்வில்ங்கிற ஊர்ல 610 குடும்பங்களை வச்சு மூணு வருஷம் ஒரு ஆய்வு நடந்துச்சு. பத்துக்கு ஒன்பது ஹிஸ்பானிக் குடும்பங்கள். ஸ்பானிஷ்லயும் சொல்லிக் கொடுத்தாங்க, பக்கத்துப் பூங்கா, விளையாட்டுக் கூடமெல்லாம் காட்டிக் கொடுத்தாங்க. 2018-ல முடிவு வந்துச்சு: பிள்ளைகளோட பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கிற கணக்கு, போன போக்குல வித்தியாசம் இல்லை. சிகாகோவுல பாலர் பள்ளிக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு நல்லா வேலை செஞ்ச ஒரு திட்டத்தை ஹிஸ்பானிக் பிள்ளைகளுக்குன்னு மாத்திக் கொண்டு போனாங்க. அங்கே எடுபடலை. பாஷையை மாத்தினா மட்டும் போதாதுன்னு எனக்குத் தோணுது. கலிபோர்னியாவுல பயர்பாவ்னு ஒரு விவசாய ஊர். அங்கே வகுப்போட நிக்காம, காய், பழம் வாங்க மாசம் 25 டாலர் சீட்டும் கொடுத்தாங்க, பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக்கிட்டாங்க. வீட்டுக்குப் புத்தி சொல்லிட்டு கடையை அப்படியே விட்டா, பிள்ளை கடையிலதான் நிக்கும்.

உங்க வீட்டுக்கு வருவோம். புட்டு, கடலையைத் தொடாதீங்க, அது நல்ல சாப்பாடு. புட்டு மேல சீனி தூவினா அதை மட்டும் நிறுத்துங்க. விஷயம் சாயங்காலத்துலதான் இருக்கு. அத்தைகிட்ட பழம்பொரி வேண்டாம்னு சொல்லாதீங்க. "இவன் குழந்தையா இருக்கையில ஏத்தம்பழம் அவிச்சுக் கொடுப்பீங்களே, அது இப்போ செய்வீங்களா"ன்னு கேளுங்க. அவிச்ச பழத்துல துளி நெய், ஏலக்காய். எண்ணெயும் மைதா மாவும் தன்னால போயிரும். அதுவும் அத்தை சமையல்தான். சாயாவுல சீனியை மாசாமாசம் அரை அரை ஸ்பூனாக் குறைச்சுக்கிட்டே வாங்க, அவனுக்குத் தெரியாது. பரோட்டா மாசம் ஒரு தடவை இருந்துட்டுப் போகட்டும். அதுக்கும் தடை போட்டா தாத்தா ஒளிச்சு வாங்கிக் கொடுப்பார்.

இன்னொண்ணு. இந்த வயசுல எடையை இறக்கணும்னு பட்டினி போட்டுறாதீங்க. எடை அங்கேயே நின்னு உயரம் கூடினாலே பாதி வேலை முடிஞ்சது. அவன் காதுபட "குண்டன்"னு யாரும் கூப்பிடக் கூடாது, மாமாமார் உட்பட.

புளியரை மருமகள்:
மைனி சொன்னதை விட இது தெளிவா இருக்கு அக்கா. தாத்தா விஷயத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்க! தினம் இருபது ரூபாய் அவர் கைங்கரியம். பள்ளிக்கூட வாசலை ஒட்டியே கடை. கோலாவும் ஒரு பாக்கெட் சிப்ஸும்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:
அம்மா, 250 மில்லி கோலாவிலேயே 25 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு நாள் முழுக்க ஒரு பிள்ளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கணும் என்பது அமெரிக்க இதய சங்கத்தின் கணக்கு. உங்கள் வீட்டுச் சாயாவைச் சேர்க்காமலேயே கணக்குத் தீர்ந்தது.

வாசல் கடைக்குச் சட்டம் இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டர் வரையிலும் விற்கக் கூடாது என்று 2020-இலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. கடைக்காரரிடம் நீங்கள் தனியாகப் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் நாலு தாய்மார் சேர்ந்து தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். எங்கள் பக்கம் அப்படித்தான் செய்தோம். கடைக்காரர் முதலில் முறைத்தார். பிறகு வேகவைத்த கடலையும் நெல்லிக்காயும் வைத்தார், அதுவும் விற்கிறது.

வரி போட்டாலும் பலன் உண்டு. மெக்சிகோவில் 2014-இல் இனிப்பு பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி வந்தது. முதல் வருஷமே வாங்குவது ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்தது. நம் கேரள அரசும் 2016-இல் 14.5 சதவீதம் கொழுப்பு வரி போட்டது. பெரிய பிராண்ட் கடைகளின் பர்கருக்கும் பீட்சாவுக்கும் மெக்சிகோக்காரன் டாக்கோவுக்கும் வரி, பரோட்டாவுக்கு இல்லை! மறு வருஷம் ஜி.எஸ்.டி. வந்து அதுவும் போயிற்று.

தென்மலை லோடு:
பரோட்டாவுக்கு வரி போட்டிருந்தா ஆட்சியே இருந்திருக்காது வாத்தியாரே.

கட்டளைக்குடி நர்ஸ்:
மருமகளே, அந்தச் சீட்டுல உயரம் எழுதியிருக்காங்களா? இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல போட்ட வளர்ச்சிப் படம் இருக்கு. எடையையும் உயரத்தையும் வச்சு பி.எம்.ஐ. போட்டு அதுல குறிச்சுப் பார்க்கணும். எடை மட்டும் போதாது. போன வருஷ உயரமும் இருந்தா சேர்த்து எழுதுங்க. சாப்பாட்டால எடை போடுற பிள்ளை பெரும்பாலும் வயசுக்கு நல்ல உயரமாத்தான் இருக்கும். எடை ஏறி உயரம் அப்படியே நின்னுருச்சுன்னா சமையலை மாத்திப் பிரயோஜனம் இல்லை. தைராய்டு பார்க்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.