ஈயை உயரத்தில் ஏற்றிக் கொல்லும் பூஞ்சை: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை:

காசிமேடு பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஈயைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மார்கழிப் பனியில் எங்கள் ஜன்னல் கண்ணாடியில் பார்த்த ஈ வேறு மாதிரி. உயிரோடு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது, தட்டினால் பறக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். வாய்க்குழல் வெளியே நீண்டு கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது. இறக்கை இரண்டும் மேலே தூக்கி நின்றன. உப்பிய வயிற்றில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை. சுற்றிலும் கோலமாவு சிந்தியது போல ஒரு வட்டம். "பூசணம் பிடிச்சிருக்கு, துடைச்சு விடு" என்றார் அம்மா.

பூசணம்தான். ஆனால் செத்த பிறகு வந்து பிடித்ததல்ல, அதுதான் ஈயைக் கொன்றதே. பெயர் என்டமோப்தோரா மஸ்கே. ஜெர்மன் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் கோன் 1855லேயே இதை விவரித்திருக்கிறார். பூஞ்சையின் வித்து (ஸ்போர்) ஈயின் மேல்தோலில் ஒட்டி, அதைத் துளைத்து உள்ளே போய், உடலுக்குள் பெருகுகிறது. நான்கு முதல் ஏழு நாளில் ஆள் காலி. சாகிற நேரமும் ஏனோதானோ இல்லை, பெரும்பாலும் பொழுது சாயும்போதுதான். ஈ உயரமான இடம் பார்த்து ஏறும், வாயை ஒட்டிக்கொள்ளும், இறக்கையைத் தூக்கும், அதோடு முடிந்தது. அப்புறம் வயிற்று மடிப்புகளின் இடையே பூஞ்சைக் காம்புகள் வெளியே வந்து வித்துகளைச் சுண்டி எறியும். இறக்கை வழியை மறைக்காது, உயரத்திலிருந்து தூரம் போய் விழும், ராத்திரி ஈரமும் கிடைக்கும். எல்லாம் பூஞ்சைக்குத் தோதாகத்தான் நடக்கிறது.

ராயபுரம்:

அண்ணே, இதை நானும் பார்த்திருக்கிறேன், கருவாடு காயப்போட்ட மாடியில், துணி உலர்த்தும் கொடிக்கயிற்றில். இன்னொரு கூத்தும் உண்டு. செத்து ஒட்டியிருந்த ஈயின் மேலே வேறொரு ஈ வந்து ஏறப் பார்த்தது! பூஞ்சை படிந்த பெண் ஈயின் உடலிலிருந்து வரும் வாசனைக்கு ஆண் ஈக்கள் மயங்கி வருகின்றன என்று பிறகு படித்தேன். வந்தவனுக்கும் அதே கதிதான். கொடுமை.

வியாசர்பாடி:

எறும்பை விட்டுவிட்டீர்களே! ஓபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை பிடித்த எறும்பு கூட்டத்தை விட்டு விலகி, இலையின் அடிப்பக்க நரம்பை இறுகக் கடித்தபடியே செத்துவிடும். தாய்லாந்துக் காட்டில் ஆராய்ந்தவர்கள், தரையிலிருந்து சுமார் 25 செ.மீ. உயரத்தில், ஏறக்குறைய நண்பகலில் கடிக்கிறது என்று கண்டார்கள். அந்தக் காடு நம் கொடுங்கையூரில் ஏது? மூளையைப் பூஞ்சை தின்றுவிடுகிறது என்று வீடியோக்களில் அடித்து விடுகிறார்கள். 2017ல் வெளியான ஆய்வில் பூஞ்சைச் செல்கள் தலை, உடல், கால் தசைகள் எங்கும் பரவியிருந்தன, மூளைக்குள் மட்டும் இல்லை. எனக்கு இதுதான் கூடுதல் பயம்.

ஒரு விஷயம், செத்த கரப்பானில் படரும் சாதாரணப் பூசணத்தையெல்லாம் இதில் சேர்க்காதீர்கள். அது பிணம் கிடந்த இடத்தில் வளர்வது. உயரம், ஒட்டிய வாய், தூக்கிய இறக்கை மூன்றும் இருந்தால் ஃபோட்டோ போடுங்கள்.

பெரம்பூர்:

மாடித்தோட்டத்தில் மாவுப்பூச்சிக்கு பிவேரியா கரைத்துத் தெளிக்கிறேன். அதுவும் பூஞ்சைதானே, அதுவும் இப்படி ஆட்டி வைக்குமா? பூஞ்சை மனிதரை ஆட்டிவைக்கும் வெப்சீரிஸ் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பையன் அந்தப் பாக்கெட்டைத் தொடவே மாட்டேன் என்கிறான்.

தண்டையார்பேட்டை:

அக்கா, பிவேரியாவும் தோலைத் துளைத்துத்தான் நுழைகிறது, ஆனால் இந்த ஈ மாதிரி நாடகமெல்லாம் கிடையாது. வெயில் பட்டால் வித்து வீணாகும், சாயங்காலம் தெளியுங்கள். தெளிக்கும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், தூள் சிலருக்கு ஒவ்வாமை தரும். பையனிடம் சொல்லுங்கள், எறும்பை ஆட்டும் பூஞ்சை ஒவ்வொன்றும் அதற்கென்று உள்ள எறும்பு இனத்தோடுதான் மல்லுக்கட்டும், மனிதரிடம் வராது.